ஏழாவது ஷரத்துக்கு நான் கையெழுத்துப் போடாத வரலாறு

சிவகாசி,
23-9-1959, புதன்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஜெபராணி அக்காவுக்கு, தம்பி சத்தியநாதன் அநேக ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நாசரேத்தில் நீங்களும், செல்வநாயகம் அத்தானும், பிள்ளைகளும், உங்கள் வார்டில் படுத்திருக்கிற நோயாளிகள் அனைவரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். என்னுடைய சுகம் கடிதத்தில் போடுவதற்கான சுகம்தான். மற்றபடி தடிமல் பிடித்துப் பன்னிரண்டு நாளாகிறது, அதற்குக் காரணம் எலுமிச்சம்பழம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

போன கடிதத்தில், கம்பெனியில் உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்களாமே, அதற்காகப் பெருமை கொள்ளாதே என்று புத்தி சொல்லியிருந்தீர்கள். நான் பெருமை கொள்ளாதபடிக்கு இங்கே எல்லா ஏற்பாடும் நடந்திருக்கிறது என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். விஷயம் என்னவென்றால் எனக்கும் கம்பெனிக்கும் பெரிய தகராறு. இன்றோடு இருபத்துமூன்று நாளாக நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் எதிர்த்து நிற்கிறேன். பதறாதீர்கள். பதறவேண்டியவர்கள் யாருமே இங்கே பதறவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்கு எதற்குக் கால்பந்துக் குழு என்று அத்தான் ஜனவரியிலேயே கேட்டார். முதலாளிக்குப் பந்தாட்டத்தில் ஆசை, வேறொன்றுமில்லை. எங்களுக்குக் குமாஸ்தா என்று பெயர். காலையில் ஆபீசில் தலையைக் காட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விட வேண்டும். மே மாதம் வரை நடந்த பதினாறு ஆட்டத்தில் நான் இருபத்தொரு கோல் போட்டேன். சாத்தூரில் ஜெயித்த அன்று என்னைத் தோளில் தூக்கியவர்கள் ரயில்வே கேட் வரை இறக்கவில்லை. கேட் மூடியிருந்ததால்தான் இறக்கினார்கள். முதலாளி அந்தச் சந்தோஷத்தில் என்னைப் படமாக வரையச் சொல்லி, கலர் மத்தாப்புப் பெட்டிக்குக் கால்பந்து மார்க் என்று லேபிளே அடித்துவிட்டார். படத்தில் எனக்கு மீசை இருக்கிறது. இடது காலில் ஆறு விரல் இருக்கிறது. இருந்தாலும் அது நான்தான் என்று கீழே பெயர் போட்டிருக்கிறது. இப்படியெல்லாம் இருந்தவனைப் பார்த்துத்தான், பழைய ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடியப்போகிறது என்றதும், மானேஜர் சோலைச்சாமி அண்ணாச்சி புதுப் பத்திரத்தை நீட்டினார்.

ஆறு ஷரத்து வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழாவது ஷரத்தை அப்படியே எழுதுகிறேன், அத்தானுக்கு வாசித்துக் காட்டுங்கள்: "சீசன் காலத்தில், அதாவது ஆவணி முதல் தீபாவளி வரை, ஆட்டக்காரர் கம்பெனி சொல்லும் எந்த வேலையையும் மறுக்காமல் செய்யவேண்டியது." எந்த வேலை என்றால் பெட்டி ஒட்டுவது, பண்டல் கட்டுவது, லாரியில் லோடு ஏற்றுவது. நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது என் காலை மட்டும்தான். கையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. மற்ற பத்துப் பேரும் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள் இந்தச் சீமைக்காரர்கள். தீபாவளி கிட்டே வந்துவிட்டால் இந்த ஊரில் மாமனாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள், யாரும் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. நான் நினைத்தேன். இருபத்தொரு கோல் போட்டவன் பசைச் சட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவதா என்று எனக்கு மனசு கொதித்துவிட்டது.

இரண்டு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு பேச்சுத் தயார் செய்தேன். அதில் உழைப்பு, மரியாதை, விளையாட்டு வீரனின் கால் என்று மூன்று பாகம். செப்டம்பர் முதல் தேதி காலை ஆபீசுக்குள் நுழைந்து, கையெழுத்தில்லாத பத்திரத்தை மேஜைமேல் வைத்துத் தொண்டையைச் செருமினேன். அண்ணாச்சி ஒரு கையில் டெலிபோனும் ஒரு கையில் லாரிச் சீட்டுமாக இருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அங்கன வச்சிட்டுப் போங்க தம்பி. லோடு நிக்கிது" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். பேச்சு என்னிடமே இருக்கிறது. ஆனால் ஒன்றும் மோசமில்லை, பத்திரத்தைப் பார்த்ததும் ஓடி வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நம் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்களைப் போல, முதலில் வெறும் விசாரிப்புக்கு ஒருவர் வருவார், பிறகு நாலு பேர் வருவார்கள், கடைசியில் முதலாளியே வருவார். முதல் தடவை முடியாது என்று சொல்வது, இரண்டாம் தடவை பேசாமல் மேலே பார்ப்பது, மூன்றாம் தடவை இறங்கி வருவது என்று முடிவு செய்துகொண்டேன். வருகிறவர்கள் உட்காரவேண்டுமே என்று ஜெப வீட்டில் போதகரிடம் கேட்டு ஒரு பெஞ்சு தூக்கிவந்து போட்டேன். சர்பத் கொடுக்கப் பன்னிரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு படி சீனியும் வாங்கி வைத்தேன். முதல் நாள் யாரும் வரவில்லை. சீசன் அவசரம், நாளைக்கு வருவார்கள் என்று இருந்தேன். நாலு நாள், ஐந்து நாள் ஆனதும் பழம் சுருங்க ஆரம்பித்துவிட்டது. நல்ல பழம் வீணாகிறதே என்று நாளைக்கு இரண்டாகப் பிழிந்து நானே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன். தடிமல் பிடித்த கதை இதுதான். பெஞ்சைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது போதகர், கூட்டம் நல்லபடி நடந்ததா என்று கேட்டார். மனநிறைவாக நடந்தது என்று சொல்லிவிட்டேன். இந்தப் பொய்க்காக எனக்கு வேண்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பீர்கள், கூட இருக்கிற பையன்கள் எங்கே என்று. கம்பெனி எங்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிற வீட்டில் நாங்கள் மூன்று பேர். கோல் காக்கிற கோலி ஒச்சப்பன் ஆனைக்குட்டத்துக்காரர், அவர்தான் கேப்டன். இன்னொருவர் லெப்ட் விங் ஆடுகிற உக்கிரபாண்டி. இருவரும் விடியுமுன் தூக்குச்சட்டியோடு கிளம்பிவிடுகிறார்கள், பொழுது சாய்ந்து வந்தால் பாயை விரிக்கக்கூடத் தெம்பில்லாமல் பாதிப் பாயில் தூங்கிவிடுகிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு எப்படித் தகராறு நடத்துவது? வழக்கமாய்ச் சாப்பிடுகிற கடையையும் புருஷன் பெண்டாட்டி இருவருமாய்ப் பூட்டிவிட்டுப் பெட்டி ஒட்டப் போய்விட்டார்கள். நாவிதர் கடையும் பூட்டு. டீக்கடையில் ஆள் இருக்கிறது, ஆனால் நின்று பேசுகிற ஆள் ஒருவரும் இல்லை. சைக்கிளில் இருந்து இறங்காமலே டீயை வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆகையால் நானே பொங்கிச் சாப்பிடுகிறேன். ஒருவனுக்கு மட்டும் சோறு பொங்குவதைப்போலச் சலிப்பான வேலை வேறில்லை அக்கா. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். சாப்பிடத் தொடங்கி எழுந்திருக்க ஆறு நிமிஷம்தான் ஆகிறது, மணி பார்த்தேன்.

பயிற்சியை விட்டுவிட்டால் கம்பெனி இளக்காரமாய் நினைத்துவிடும் என்று தினமும் மைதானத்துக்குப் போனேன். கோலி இல்லாத கோலுக்குள் பந்தை அடித்தால் பந்து போய்க்கொண்டே இருக்கிறது. அடிப்பதும் நான், ஓடிப்போய் எடுத்து வருவதும் நான். ஒரு நாள் அடித்த அடியில் பந்து மதிலைத் தாண்டி, எங்கள் கம்பெனிக்காகப் பெட்டி ஒட்டுகிற முற்றத்தில் போய் விழுந்தது. எட்டிப் பார்த்தால் நூறு பெண்களுக்குக் குறையாமல் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெயிலில் காயவைத்த அத்தனை பெட்டியிலும் நான் மீசையோடு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். ஊரே என் முகத்தைக் கையில் வைத்திருக்கிறது, என்னை வந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அங்கே மேற்பார்வை பார்க்கிற முத்துமாரியம்மாள் என்கிற அம்மாள் பந்தை எடுத்து வந்து என்னையும் கையிலிருந்த பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். படத்தில் இருப்பது உங்கள் அண்ணனா என்று கேட்டார். நான்தான் என்றேன். இதில் கொஞ்சம் களையாக இருக்கீக என்றார். பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் என்ன நினைத்தாரோ, நின்று, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.

அக்கா, பதினோரு நாளில் என் சுகத்தை விசாரித்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. சாப்பிட்டாச்சு என்று சொன்னேன். சாப்பிட்டிருக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

இனிப் பொறுப்பதில்லை என்று, மறுநாள் பஸ் ஏறி விருதுநகருக்குப் போனேன். அங்கே வியாபாரிகள் நடத்துகிற குழு ஒன்று நமக்கு நேர் எதிரி. அதன் காரியதரிசி ஆண்டிச்சாமி நாடார் மிளகாய் வற்றல் வியாபாரி. அவரோடு நான் பேசிக்கொண்டிருப்பதைச் சிவகாசிக்காரர்கள் யாராவது பார்த்தால் போதும், சாயந்திரத்துக்குள் நம் முதலாளி கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்பது என் திட்டம். அவருடைய கடை வாசலில் தெருவைப் பார்த்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். சீசனில் சிவகாசிக்காரன் ஒருவனும் விருதுநகர் பஜாருக்கு வரமாட்டான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. மிளகாய் நெடியும் தடிமலும் சேர்ந்து நான் தும்மிய தும்மலில் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஆண்டிச்சாமி நாடார் தங்கமான மனிதர். பந்தாட்டம் எல்லாம் தீபாவளி கழித்துப் பேசலாம், இப்போது சாக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நீங்கள் இங்கே வந்திருக்கிறதை உங்கள் மானேஜருக்குத் தெரிவிக்கலாமா என்று தயங்கிக்கொண்டே கேட்டார். தாராளமாய்த் தெரிவியுங்கள், இன்றைக்கே தெரிவியுங்கள் என்றேன். என் முன்னாலேயே தபால் கார்டு எழுதிப் பையனிடம் கொடுத்துப் போடச் சொன்னார். அந்தக் கார்டு வந்துசேர்ந்ததை நான் கண்ணாலேயே பார்த்தேன். சோலைச்சாமி அண்ணாச்சி அதன் ஓரத்தில் லாரி நம்பர் குறித்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒச்சப்பன் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, கால் நோவு இப்போது எப்படி இருக்கிறது என்று என்னை விசாரித்தார். எந்தக் கால் நோவு என்றேன். உங்களுக்குக் காலில் நோவு, அதனால்தான் கம்பெனி உங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டதாகச் சொன்னார். நோவும் இல்லை ஒன்றுமில்லை, நான் மறுப்புத் தெரிவித்து இருபது நாளாகிறது என்றேன். யாருக்கு என்று கேட்டார். கம்பெனிக்கு என்றேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"கம்பெனிக்குத் தெரியுமா?" என்றார்.

மறுநாள் காலை ஆபீசுக்கு ஓடினேன். அண்ணாச்சி பத்திரத்தைத் தேடினார். நாலு கட்டுக் காகிதத்துக்கு அடியிலிருந்து, பசைக் கிண்ணம் உட்கார்ந்த வட்டத் தழும்போடு அது வெளியே வந்தது. கையெழுத்துப் போடுகிற இடத்தை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். அட, போடலையா என்றார். இதுதான் சமயம் என்று என் பேச்சை எடுத்தேன். முதல் பாகம், உழைப்பு, அதுகூட முடியவில்லை, வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அண்ணாச்சி எழுந்துவிட்டார். கோபம் இல்லை, வருத்தம் இல்லை, என் தோளைத் தட்டி, "தீவாளி கழியட்டும் தம்பி. அம்புட்டு நாளும் ஒங்க இஷ்டம்போல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இஷ்டம்போல இருங்க என்பதைவிடப் பொல்லாத வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே போ என்று சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். சண்டை போட்டாலும் எதிரே ஒரு ஆள் வேண்டும் அல்லவா? ஆள் இல்லாமல் நான் இருபது நாளாகச் சண்டை போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தொன்பது வயதில் இப்படியா என்று நீங்கள் நினைக்கலாம். பார்க்க யாரும் இல்லாததால் கூச்சப்படாமல் அழுதேன், அந்த ஒரு சௌகரியம் இருந்தது.

ஆகவே முடிவாகத் தெரிவிப்பது: ஏழாவது ஷரத்தை அடித்தால் ஒழிய நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. முதலாளி வந்தாலும் சரி, அவரைப் பெற்றவர் வந்தாலும் சரி. வருகிற சனிக்கிழமை தென்காசி வண்டியில் ஏறி, தென்காசியிலும் திருநெல்வேலியிலும் மாறி நாசரேத் வந்துசேருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்புங்கள். முன்னறைக் கட்டிலைத் தட்டிப் போட்டு வையுங்கள். பகலில் நீங்கள் ஆஸ்பத்திரிக்கும் அத்தான் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகள் வகுப்புக்கும் போய்விடுவீர்கள், வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன் என்று தெரியும். பரவாயில்லை, எனக்கு இப்போது நல்ல பழக்கம். இங்கே யாருக்கும் எழுதிவிடாதீர்கள், நான் போனது தெரிந்து அவர்கள் தவிக்கவேண்டும்.

அத்தானுக்கு என் மரியாதையான வந்தனம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம். உங்கள் வேலையும் போக்குவரத்தும் ஆசீர்வாதமாய் நடக்க வேண்டுகிறேன். எனக்காகக் குடும்ப ஜெபத்தில், பெயர் சொல்லி, சத்தமாக, வேண்டிக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
ம. சத்தியநாதன்,
செண்டர் பார்வர்டு (எதிர்ப்பில் இருப்பவர்).

பி.கு.: வெள்ளிக்கிழமை. மேலே எழுதியிருப்பதில் தடிமலைத் தவிர மற்றது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். நான் வரவில்லை. நேற்று மதியம் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால், என்னிடமிருந்த வீட்டுச் சாவியை முன்கூட்டியே ஒச்சப்பனிடம் கொடுத்துவிடலாம் என்று சாத்தூர் ரோட்டில் இருக்கிற பண்டல் கொட்டகைக்குப் போனேன். எங்கள் ஆட்டக்காரர்கள் பத்துப் பேரும் கொட்டகை நிழலில் வரிசையாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். கை முழுக்கப் பசை. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கோபமாக நிற்கத்தான் பார்த்தேன். எட்டு மாதமாக என்னை வாங்க, போங்க என்றே பேசிவந்த ஒச்சப்பன் அண்ணாந்து பார்த்து, "ஏலே, வெயில்ல நிக்காத. உக்காருலே" என்றார். சொல்லிவிட்டு ஒரு சாண் நகர்ந்துகொண்டார். உக்கிரபாண்டி தன் சட்டியின் மூடியில் ஒரு கை சோற்றை அள்ளி வைத்தார். ஏன் வந்தேன், என்ன தகராறு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க அரை மணி நேரம் ஆயிற்று.

சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது ஷரத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரு நிபந்தனை வைத்தேன், எட்டாவதாக ஒரு ஷரத்துச் சேர்த்தால்தான் போடுவேன் என்றேன். அண்ணாச்சி பேனாவை எடுத்துக்கொண்டு சொல்லுங்க என்றார். "மேற்படி ஆட்டக்காரர் மதியச் சாப்பாட்டை மற்ற ஆட்டக்காரர்களுடன் சேர்ந்தே சாப்பிட வேண்டியது, சீசன் முடிந்த பிறகும்" என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இருபத்துநாலு நாளில் முதல் தடவையாக என் முகத்தை நன்றாகப் பார்த்தார். இதுக்கெல்லாம் யாராச்சும் அக்ரிமெண்டு போடுவாகளா என்றார். நான் போடுவேன் என்றேன். முழுவதும் எழுதி, கீழே அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இன்று காலையிலிருந்து பெட்டி ஒட்டுகிறேன். முத்துமாரியம்மாள் நான் ஒட்டியதில் பாதியைக் கிழித்துப் போட்டுத் திரும்ப ஒட்டச் சொன்னார், என்னை நான் தலைகீழாக ஒட்டியிருந்தேனாம். மதியம் எனக்கு இடப்பக்கம் ஒச்சப்பன், வலப்பக்கம் உக்கிரபாண்டி. குழம்பில் உப்பு அதிகம். ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.